வேனே வீடு... ஜோடியாக கடலோர டூர் போறீங்களா? ராத்திரி கண் மூடும் முன் இதைப் படிங்க

மதுரை,

கேரவன் என்றதும் மதுரைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது சினிமா ஷூட்டிங்தான். நடிகர், நடிகைகள் மேக்கப் போட, சாப்பிட, கொஞ்ச நேரம் கண் அசர ஒரு ஏ.சி. வண்டி. கருப்பு கண்ணாடி, வாசலில் ஒரு ஆள் காவல். ஷூட்டிங் பார்க்க வரும் கூட்டத்தில் பாதி பேர் அந்த வண்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

அதே போன்ற வண்டியில் இப்போது கணவன்-மனைவி இரண்டே பேராக ஊர் சுற்றுகிறார்கள். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ். லாட்ஜ் தேட வேண்டாம். நினைத்த இடத்தில் நிறுத்தி கடலைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம்.

கேட்கவே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் உயிருக்கே உலை வைக்கும் விஷயங்கள் ரெண்டு, மூணு இருக்கு. அதை யாரும் போட்டோவில் காட்டுவதில்லை.

நமக்கு புதுசு இல்லை

வண்டியிலேயே குடித்தனம் நடத்துவது நம்ம ஊருக்கு புதுசு ஒன்றும் இல்லை. அழகர் கோவிலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் சுத்துப்பட்டு கிராமங்களில் இருந்து கூண்டு வண்டி கட்டி வருவார்களே, அதுவும் இதுதானே. வண்டிக்குள் பாய், தலையணை. வண்டிக்கு அடியில் சட்டி, பானை. மரத்தடியில் மூணு கல்லைக் கூட்டி சோறு பொங்கி, ராத்திரி வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள். மாட்டுக்கு பதில் டீசல் என்ஜின் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இது பெரிய அளவில் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் வீட்டை பூட்டிவிட்டு, கேரவனோடு நாட்டையே கடலோரமாக சுற்றி வருகிறார்கள். அங்கே கடலோரத்தை ஒட்டி ஓடும் ஒன்றாம் நம்பர் நெடுஞ்சாலை சுமார் 14 ஆயிரத்து 500 கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்டு கடற்கரை மொத்தமே ஆயிரம் கிலோமீட்டரும் கொஞ்சமும்தான்.

ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டார்ப் என்பவர் ஒரு பென்ஸ் ஜீப்பில் 26 வருடம் உலகத்தைச் சுற்றினார். 2014-ம் ஆண்டு பயணம் முடிந்தபோது மீட்டரில் ஏறக்குறைய 9 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. பெரும்பாலான காலம் மனைவி கிறிஸ்டினும் கூடவே இருந்தார். இருவரும் வண்டிக்குள்ளேயே படுத்து, வண்டி ஓரத்திலேயே சமைத்து சாப்பிட்டார்கள். 2010-ல் கிறிஸ்டின் புற்றுநோயால் இறந்த பிறகும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை. அந்த வண்டி இப்போது ஜெர்மனியில் பென்ஸ் கம்பெனி மியூசியத்தில் நிற்கிறது.

இந்தியாவில் மத்திய சுற்றுலா அமைச்சகம் 2010-லேயே கேரவன் சுற்றுலாவுக்கு ஒரு கொள்கை போட்டது. ஆனால் உருப்படியாக இறங்கியது பக்கத்து மாநிலம் கேரளாதான். 2021-ல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்து, 2022-ல் வாகமண்ணில் முதல் கேரவன் பார்க்கை திறந்தார்கள். கம்பம் மெட்டு ஏறினால் நமக்கு கூப்பிடு தூரம்தான்.

அந்த திட்டத்தில் ரெண்டு வகை வண்டி. ஒன்று 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு, இன்னொன்று ஜோடியாக வரும் 2 பேருக்கு மட்டும். சோபாவே கட்டிலாக மாறும். பிரிட்ஜ், மைக்ரோவேவ் அடுப்பு, சாப்பாட்டு மேஜை, கக்கூஸ், டிரைவர் சீட்டுக்கு பின்னால் தடுப்பு எல்லாம் இருக்க வேண்டும். பார்க் வைக்க குறைந்தது 50 சென்ட் இடம், 5 வண்டி நிறுத்த வசதி என்று விதிமுறையும் உண்டு.

தமிழக அரசும் 2023-ல் வெளியிட்ட சுற்றுலா கொள்கையில் கேரவன் சுற்றுலாவை சேர்த்திருக்கிறது. ஆனால் மதுரையில் இருந்து ராமேசுவரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று போகிறவர் எங்கே நிறுத்துவார்? பெட்ரோல் பங்க், கோவில் பார்க்கிங், சர்ச் மைதானம், தெரிந்தவர் தோப்பு. இன்றைக்கும் நிலைமை அதுதான்.

மதுரை மறக்காத அந்த அதிகாலை

வண்டியில் சமையல் என்றதும் மதுரைக்காரர்களுக்கு ஞாபகம் வர வேண்டியது 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி.

அன்று சனிக்கிழமை. உத்தரபிரதேச மாநிலம் லக்னோவில் இருந்து ஆகஸ்டு 17-ந்தேதி புறப்பட்ட தனி சுற்றுலா ரெயில் பெட்டி ஒன்று, நாகர்கோவிலில் புனலூர்-மதுரை எக்ஸ்பிரசில் இணைக்கப்பட்டு அதிகாலையில் மதுரை வந்து சேர்ந்தது. பெட்டியை தனியாக கழற்றி, ஸ்டேஷன் அருகே வேறு தண்டவாளத்தில் நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்களில் பலர் வயதானவர்கள். ராமேசுவரம், கன்னியாகுமரி என்று கோவில், குளம் பார்க்க வந்தவர்கள்.

பல நாள் பயணம் அல்லவா, அந்த பெட்டியே அவர்களுக்கு வீடு. விதியை மீறி கியாஸ் சிலிண்டரை உள்ளே வைத்திருந்தார்கள். காலை 5.15 மணி அளவில் தீ பிடித்தது. டீ போட அடுப்பை பற்ற வைத்தபோதுதான் இது நடந்ததாக விசாரணையில் சொல்லப்பட்டது. தீயணைப்பு வீரர்கள் தீயை முழுவதும் அணைக்க காலை 7 மணிக்கு மேல் ஆகிவிட்டது. 9 பேர் பலியானார்கள்.

ரெயிலில் எளிதில் தீப்பற்றும் பொருட்களை கொண்டு போவது ரெயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனைக்குரிய குற்றம் என்பது குறிப்பிடத்தக்கது.

ரெயில் பெட்டிக்கும் வேனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி கீழே இறங்கி தரையோடு தேங்கும். வீட்டில் என்றால் கதவுக்கு கீழே இருக்கிற சந்து வழியாக கொஞ்சமாவது வெளியே போகும். வேன் என்பது மூடிய டப்பா. ராத்திரி ஏ.சி.க்காக எல்லா கண்ணாடியையும் ஏற்றிவிட்டு படுத்தால், கட்டிலுக்கு அடியில் கசிந்த கியாஸ் அங்கேயே கிடக்கும். விடியக்காலையில் எழுந்து ஒரு தீக்குச்சி உரசினால் போதும்.

அதனால்தான் வெளிநாட்டு கேரவன்களில் சிலிண்டருக்கு என்றே தனி அறை இருக்கும். அந்த அறை ஆள் படுக்கும் பகுதிக்கு திறக்காது. வெளியில் இருந்துதான் திறக்க முடியும். அறையின் தரையில் ஓட்டை போட்டிருப்பார்கள். கசிந்தால் கியாஸ் ரோட்டில் விழுந்துவிடும். நம்ம ஊரில் வீட்டு சிலிண்டரையே தூக்கி பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு கிளம்பி விடுகிறோம். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு சமையலறைக்கு மட்டும்தான். அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு டூர் போகவே கூடாது.

கூடுமான வரை வண்டிக்குள் கியாஸ் வேண்டாம். வெளியே காற்றோட்டமாக இடம் பார்த்து, 5 கிலோ சிலிண்டரில் சமைத்து, ரெகுலேட்டரை கழற்றிவிட்டு படுப்பது நல்லது. மின்சார அடுப்பு இன்னும் நல்லது. ஆனால் அதற்கு கரண்டு வேண்டும். அங்கேதான் அடுத்த ஆபத்து காத்திருக்கிறது.

சத்தம் போடாத எமன்

2024-ம் ஆண்டு டிசம்பரில் கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே ரோட்டோரம் ஒரு கேரவன் நின்றுகொண்டிருந்தது. ரொம்ப நேரமாகியும் வண்டி நகரவில்லை. சந்தேகப்பட்டு பார்த்தபோது உள்ளே 2 பேர் பிணமாக கிடந்தார்கள். உடம்பில் காயம் இல்லை, அடிதடி நடந்த அடையாளமும் இல்லை. இது கேரளாவில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.

கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை செய்து பார்த்ததில் காரணம் தெரிய வந்தது. ஏ.சி. ஓடுவதற்காக வண்டியில் ஜெனரேட்டர் போட்டிருக்கிறார்கள். அந்த புகை தரைப்பலகையில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே ஏறி இருக்கிறது. அந்த புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடுதான் இருவரையும் கொன்றுவிட்டது.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கியாஸ் கசிந்தால் நாற்றத்தில் தெரியும், இது தெரியவே தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து கொள்ளும். லேசாக தலை வலிக்கும், கிறுகிறுப்பு வரும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். பயண அசதி என்று நினைத்து படுத்தால் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரே வண்டியில் ஜோடியாக படுப்பதால் ஒருவரை ஒருவர் எழுப்பவும் ஆள் இருக்காது.

நின்ற காரில் என்ஜினை ஓட விட்டு ஏ.சி. போட்டு தூங்கி இறந்தார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறதே, அதுவும் இதே விஷயம்தான்.

இதற்கு ஒரு சின்ன கருவி இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று கேட்டால் ஆன்லைனில் கிடைக்கும். உள்ளங்கை அளவுதான். பேட்டரி போட்டு தலைமாட்டில் மாட்டினால், வாயு சேர்ந்ததும் காது கிழிய கத்தும். கேரவன் வாடகைக்கு எடுக்கிறவர்கள் டி.வி. இருக்கா, வைபை இருக்கா என்று கேட்பதற்கு முன் இது இருக்கா என்று கேட்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது உள்ளே படுக்கக் கூடாது. என்ஜினை ஓட விட்டும் படுக்கக் கூடாது.

அப்போ வெக்கைக்கு என்ன பண்ண என்று கேட்பீர்கள். கணக்கு போட்டு பார்க்கலாம். 12 வோல்ட், 200 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் இருப்பது 2.4 யூனிட் கரண்டு. சாதாரண ஆசிட் பேட்டரி என்றால் அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். ஆக கையில் இருப்பது 1.2 யூனிட். ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் இழுக்கும். ஒரு மணி நேரம் ஜில்லென்று இருக்கும், அப்புறம் வேர்த்து ஊற்றும். அதே பேட்டரியில் 12 வோல்ட் பேன் ஒன்றை மாட்டினால் 8 மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்தான் ஆகும். ஜன்னலுக்கு கொசுவலை, கூரையில் காற்று போக ஒரு திறப்பு, ரெண்டு பேன். கடலோரத்தில் இது போதும். சித்திரை, வைகாசியில் மட்டும் போகாதீர்கள்.

நாங்களும் ஒரு ராத்திரி...

நம்ம அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். மச்சானிடம் ஒரு டெம்போ டிராவலர் உண்டு. பின்சீட்டில் மெத்தை விரித்து, ஒரு சின்ன பேன் மாட்டி, நானும் வீட்டம்மாவும் கிளம்பினோம். மதுரையில் இருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்கு கடற்கரை சாலை.

கீழக்கரையில் தொதல் வாங்கி சாப்பிட்டோம். அது வரைக்கும் ராஜபோகம்தான். சாயங்காலம் ஒரு கடற்கரையில் தண்ணீர் ஓரம் வரை வண்டியை விட்டேன். பின்சக்கரம் மணலில் புதைந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் வந்து, டயரில் காற்றை கொஞ்சம் இறக்கச் சொல்லி, சக்கரத்துக்கு முன்னால் பனை மட்டையைப் போட்டு, கயிறு கட்டி இழுத்தார்கள். அரை மணி நேரம். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "அலை ஏறுற இடத்துல எதுக்குய்யா வண்டியை விடுறீங்க?" என்று மட்டும் கேட்டார்கள்.

ராத்திரி ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டு, லாரிகளுக்கு பக்கத்தில் நிறுத்தி படுத்தோம். 11 மணிக்கு ரோந்து போலீசார் வந்து கண்ணாடியை தட்டினார்கள். ஊர், பேர் கேட்டார்கள், அடையாள அட்டையை பார்த்தார்கள், போய்விட்டார்கள். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அரைத் தூக்கத்தில் டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தால் யாருக்குத்தான் நெஞ்சு படபடக்காது?

நிஜமான பிரச்சினை விடியற்காலை 4 மணிக்கு வந்தது. "ஏங்க, பங்க்ல பாத்ரூம் பூட்டியிருக்குங்க" என்றார் வீட்டம்மா. சாவி வைத்திருந்த பையன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆம்பளைக்கு கருவேலங்காடு போதும். பொம்பளைக்கு? அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குள் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. வீட்டில் கோபம் வந்தால் மாடிக்குப் போகலாம், டீக்கடைக்குப் போகலாம். பத்தடி வேனுக்குள் எங்கே போவது?

பெரிய கேரவன்களில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கக்கூசுக்கு கீழே சூட்கேஸ் மாதிரி கழற்றி எடுக்கக்கூடிய டப்பா இருக்கும். மருந்து ஊற்றி வைத்தால் நாற்றம் வராது. ரெண்டு பேருக்கு ரெண்டு, மூணு நாள் தாங்கும். நிறைந்ததும் எடுத்துப்போய் கக்கூசில் கொட்டி கழுவ வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்றே தனி இடம் கட்டி விட்டிருக்கிறார்கள். இங்கே பங்கிலோ லாட்ஜிலோ கேட்டு கொட்ட வேண்டியதுதான். கடலிலோ கண்மாயிலோ கொட்டினால் பாவம் மட்டும் இல்லை, அந்த ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். 100 லிட்டர் தொட்டி என்றால் கேட்க நிறைய தெரியும். ஆளுக்கு ஒரு வாளி குளியல், பாத்திரம், கை கால் கழுவல் என்று ஒன்றரை நாளில் காலி. ராமநாதபுரம் மாவட்ட கடலோரத்தில் நிலத்தடி நீர் பல ஊரில் உப்பு. ஜனங்களே குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். அங்கே போய் டூரிஸ்ட் வண்டிக்கு ஓசியில் டேங்க் நிரப்பக் கேட்பது நமக்கே கூச்சமாக இருக்கும். மதுரையிலேயே நிரப்பிக்கொண்டு போவதுதான் மரியாதை.

கடலுக்கு நேரம் காலம் உண்டு

மதுரையில் இருந்து ராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர். பாம்பன் ரோடு பாலம் 1988-ல் திறந்தது, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரெயில் பாலம். போட்டோ எடுக்க எல்லோரும் ரோடு பாலத்திலேயே வண்டியை நிறுத்துகிறார்கள். உயரமான வேனை அங்கே நிறுத்தாதீர்கள். காற்று அப்படி. பழைய ரெயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தை தாண்டினால் ரெயிலையே நிறுத்தி வந்தார்கள். கேரவன் என்பது பாய்மரம் மாதிரி, பக்கவாட்டில் அடிக்கும் காற்று வண்டியை அடுத்த லேனுக்கு தள்ளிவிடும்.

தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். அரிச்சல்முனை வரை ரோடு போட்டது 2017-ல். இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார் ரோடு. ராத்திரி அங்கே தங்க விடமாட்டார்கள், இருட்டுவதற்குள் கிளப்பி விடுவார்கள். இலங்கை பக்கத்தில் இருப்பதால் கடலோர போலீஸ் கெடுபிடி அதிகம். அவர்கள் கேட்டால் முறைத்துக்கொள்ளாமல் பதில் சொல்லிவிட்டு வருவது நல்லது. வெளிநாட்டில் இருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் சிலர் சாட்டிலைட் போன் வைத்திருப்பார்கள். நம்ம நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தாலே கேஸ்.

ராமநாதபுரத்தில் இருந்து தூத்துக்குடிக்கு கடலோரமாக சுமார் 120 கிலோமீட்டர். இந்த ரோட்டில் கூட்டம் இல்லை, அதுதான் சுகம். கஷ்டமும் அதுவேதான். பல இடத்தில் இருபக்கமும் சீமைக்கருவேலம். ஓரத்தில் இறக்கினால் முள் டயரைப் பதம் பார்க்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மதுரையிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் திருச்செந்தூர், மணப்பாடு மணல் குன்று மேலே நிற்கும் சர்ச், உவரி, கூடங்குளம், கன்னியாகுமரி. நம்மைக் கேட்டால் இந்த முழு ரூட்டிலும் மணப்பாடுதான் அழகு. வழியில் உடன்குடி கருப்பட்டி வாங்காமல் வந்தால் சொந்தக்காரர்கள் பேசமாட்டார்கள். திரும்பும்போது நாங்குநேரி, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று நாலு வழிச்சாலையில் சுமார் 245 கிலோமீட்டர். மொத்தம் 700 முதல் 750 கிலோமீட்டர் வரும். வேன் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 70, 75 லிட்டர் டீசல். திருப்பாச்சேத்தி, போகலூர், நாங்குநேரி, சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் என்று டோல்கேட் வேறு. பாஸ்டேக்கில் பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகக்கூடாது என்பதை கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரோடு, பாலம், தண்டவாளம் எல்லாம் அறுத்துக்கொண்டு போனது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. ரெயிலுக்கே அந்த கதி என்றால் ரோட்டோர வேன் என்ன ஆகும்? 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் சில மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது.

மழை, புயல் இல்லாத நாளிலும் கடலை நம்பக்கூடாது. 'கள்ளக்கடல்' என்று குமரி மாவட்ட மீனவர்கள் சொல்வார்கள். எங்கோ தூரத்து கடலில் வீசிய காற்றில் எழும்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே 6-ந்தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி டாக்டர்கள் 5 பேர் அலையில் சிக்கி பரிதாபமாக இறந்தார்கள். கடல் சீற்றம் இருக்கும் என்று முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். படகுகளை எவ்வளவு தூரம் மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் வேன் அதற்கும் மேலே நிற்க வேண்டும்.

ஆர்.டி.ஓ. விஷயம்

பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டை கழற்றிவிட்டு, நம்ம லேத் பட்டறையில் கட்டில் வெல்டிங் வைத்தால் வேலை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நாங்கள் செய்த மாதிரி மெத்தை விரித்துக்கொள்வது வேறு, வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைக்கக்கூடாது. 2019-ல் வந்த திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு.

முறையாக செய்தால் ஆர்.சி. புத்தகத்தில் 'கேம்பர் வேன்' என்று பதிவு செய்யலாம். சொந்த உபயோகத்துக்கு என்றால் வெள்ளை போர்டு. வாடகைக்கு விட்டால் மஞ்சள் போர்டு. இந்த போர்டு விஷயம்தான் வாடகைக்கு எடுக்கும் ஜனங்களுக்கு முக்கியம். தெரிந்தவர் மூலமாக சல்லிசாக கிடைக்கிறதே என்று வெள்ளை போர்டு வேனை வாடகைக்கு எடுத்துப்போய் விபத்தானால், இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். அடிபட்டவருக்கும் சிக்கல், வண்டிக்காரருக்கும் சிக்கல்.

லைசென்ஸ் பற்றி பலருக்கு குழப்பம். மொத்த எடை 7 ஆயிரத்து 500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும். மஞ்சள் போர்டு வண்டிக்கும் இது பொருந்தும் என்று 2024 நவம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. பஸ் சைஸ் கேரவன் என்றால் கனரக லைசென்ஸ் வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர் முதல் நாளே பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு கீழவாசல் பக்கம் போகாதீர்கள். கூரையில் ஏ.சி. பெட்டி, தண்ணீர் டேங்க் இருப்பது ஞாபகம் இருக்கட்டும். சுரங்கப்பாதை, மரக்கிளை, தாழ்ந்து தொங்கும் வயர் மூன்றும் மதுரையில் ஏராளம்.

திரும்பி வந்ததும் வண்டி அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சி அடித்து கழுவ வேண்டும். உப்புக்காற்று பட்ட இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. மச்சான் வண்டியை நான் கழுவாமல் கொடுத்து, இன்னும் ஏச்சு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து வடக்கே தேவிப்பட்டினம், தொண்டி, மீமிசல், கட்டுமாவடி, அதிராம்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி வரை போகலாம் என்று ஒரு யோசனை. மழை முடிந்து தை பிறக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். கக்கூஸ் வைத்த வண்டி கிடைத்தால் வருகிறேன், இல்லை என்றால் நீங்க மட்டும் போய்ட்டு வாங்க என்று வீட்டம்மா இப்போதே சொல்லிவிட்டார்.